கணிப்பதற்கு முன், பழைய படம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளை ஸ்கேனைப் பார்த்தே எம்எஸ் என்ற நரம்பு நோய் வந்தவரின் எதிர்காலத்தை ஏஐ சொல்லிவிடும் என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். திருச்சி தில்லைநகரில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். செய்தி வந்த வாரமே, அரியலூர்ப் பக்கமிருந்து மகளை அழைத்து வந்த ஒருவர் அந்தச் செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். "இதையும் சேத்துப் பாத்துருங்கம்மா, எவ்வளவு ஆனாலும் பரவால்ல" என்றார். எம்.காம். படிக்கிற பெண். அப்பா பேசுவதைக் கேட்டபடியே காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உனக்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

அவருக்கு அங்கே நின்று பதில் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். அதை வைத்து நோயாளியிடம் பேசுவது நியூரோ டாக்டர். ஆனால் கணினி எந்தப் படத்தைப் பார்த்துக் கணிக்கப்போகிறதோ, அந்தப் படத்தை எடுப்பது எங்களைப் போன்றவர்கள். செய்தியில் எங்கள் அறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால்தான் எழுதுகிறேன்.

எம்எஸ் எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிற நோய் இது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் ஆரம்பிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வரும். ஒரு நாள் ஒரு கண் மங்கும். சில வாரங்களில் சரியாகிவிடும். அப்புறம் எப்போதோ கால் மரத்துப்போகும். இப்படித் திடீரென்று வருவதை அட்டாக் என்பார்கள். சிலருக்கு இப்படி வந்து வந்து போவதோடு பல வருடங்கள் ஓடிவிடும். சிலருக்கு அட்டாக் எதுவும் இல்லாமலேயே நடை மெல்ல மெல்லத் தளரும். இதில் நாம் எந்த ரகம் என்பதுதான் ஒவ்வொரு குடும்பமும் கேட்கிற கேள்வி.

அந்தக் கேள்வியை ஸ்கேனிடம் கேட்கலாம் என்ற எண்ணம் புதிது அல்ல. 1981இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 10 எம்எஸ் நோயாளிகளை சிடி ஸ்கேனிலும், அப்போதுதான் வந்திருந்த எம்ஆர்ஐயிலும் படம் எடுத்துப் பார்த்தார்கள். சிடியில் 19 பாதிப்புகள் தெரிந்தன. எம்ஆர்ஐயில் அவற்றோடு இன்னும் 112 தெரிந்தன. அதுவரை பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் காண முடிந்ததை உயிரோடு இருக்கும் மனிதரிடம் பார்த்துவிட்டார்கள். இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, இதை எண்ணினால் நோய் எங்கே போகும் என்று சொல்லிவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

சொல்ல முடிந்தது, ஆனால் ஓரளவுக்குத்தான். உங்கள் செய்தி மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிட்டது. எம்எஸ் வருமா என்பது ஒன்று. அடுத்த அட்டாக் வருமா என்பது இன்னொன்று. பத்துப் பதினைந்து வருடம் கழித்து நடக்க முடியுமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு ஸ்கேன் நன்றாகவே பதில் சொல்கிறது. கண் நரம்பு அழற்சியோடு வந்தவர்களை அமெரிக்காவில் 15 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஸ்கேனில் மூளையில் பாதிப்பு ஒரு புள்ளியாகவாவது தெரிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்குப் பின்னால் எம்எஸ் உறுதியானது. ஒன்றும் இல்லாதவர்களில் 25 சதவீதம் பேருக்கு மட்டுமே. இது பெரிய வித்தியாசம். ஆனால் நோய் வருமா என்பதற்கான பதிலே தவிர, சக்கர நாற்காலிக்கான பதில் அல்ல.

மூன்றாவது கேள்வியில்தான் படம் தடுமாறுகிறது. லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையின் மருத்துவர்கள் 71 பேரை 14 வருடம் பின்தொடர்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஐந்து வருடத்தில் புள்ளிகளின் மொத்த அளவு வேகமாகக் கூடியவர்களுக்குப் பின்னால் ஊனமும் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தொடர்பு நடுத்தரமானது. புள்ளி நிறைய இருந்தும் நன்றாக நடந்தவர்கள் உண்டு, குறைவாக இருந்தும் கம்பு ஊன்றியவர்கள் உண்டு. நெதர்லாந்தின் பிரெடெரிக் பார்க்கோஃப் போன்ற ரேடியாலஜிஸ்ட்கள் இந்த முரணைப் பற்றி அப்போதே விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

கன்சோல் முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. திரையில் மூளை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வரும். ஸ்கேன் முடிந்ததும் அந்த மனிதர் தானே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படி இறங்கி டீ குடிக்கப் போவார். இன்னொருவருக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் ஒன்றே ஒன்று, பொட்டு அளவு. அவரை டேபிளில் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். அது எப்படிப்பட்ட புள்ளி என்பதும், பக்கத்து நரம்புகள் எவ்வளவு ஈடுகட்டுகின்றன என்பதும் அதே அளவு முக்கியம். அதோடு, படத்தில் நல்ல நிறத்தில் தெரிகிற பகுதியிலும் சேதம் இருக்கும். சாதாரண ஸ்கேன் அதைக் காட்டாது.

எங்கே என்று சொன்னேன் அல்லவா, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். லண்டனில் 164 பேரை 15 வருடம் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் நோய் படிப்படியாக மோசமாகும் கட்டத்துக்குப் போகிறவர்களை முதல் ஸ்கேனிலேயே ஓரளவு காட்டிக்கொடுத்தவை இரண்டு. ஒன்று, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டால் ஒளிர்கிற புதுப் புள்ளிகள். மற்றொன்று, தண்டுவடத்தில் உள்ள புள்ளிகள். ஆனால் எங்களிடம் வருகிற சீட்டில் பல சமயம் 'எம்ஆர்ஐ பிரெய்ன்' என்று மட்டும்தான் இருக்கும். தண்டுவடத்தையும் சேர்த்தால் பில் எகிறிவிடும் என்று குடும்பமே வேண்டாம் என்பதும் உண்டு. எதிர்காலத்தைச் சொல்வதில் இவ்வளவு பங்கு உள்ள பகுதியைப் படமே எடுக்காமல் விட்டுவிட்டு, எடுத்த பாதியை ஏஐயிடம் கொடுத்து என்ன கேட்பது?

ஏஐ மேல் எனக்குக் கோபம் இல்லை. 2021இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஆர்மன் எஷாகி குழுவினர் செய்தது உண்மையிலேயே நல்ல வேலை. 6,322 நோயாளிகளின் ஸ்கேன்களைக் கணினிக்குக் கொடுத்து, நோய் எந்த இடத்தில் தொடங்கி எப்படிப் பரவுகிறது என்பதை அதுவே பிரித்துப் பார்க்கும்படி விட்டார்கள். மூன்று போக்குகள் வந்தன. மூளையின் மேற்புறணி சுருங்குவதில் தொடங்குவது, நல்லதாகத் தெரியும் வெண்பகுதியில் மாற்றம் தொடங்குவது, புள்ளிகளில் தொடங்குவது. புள்ளிகளில் தொடங்கியவர்களுக்குத்தான் ஊனம் கூடும் அபாயமும் அட்டாக்கும் அதிகம். வேறு 3,068 பேரிடமும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இதிலும் கணினி பிரித்தது கூட்டத்தைத்தான். இன்னாருக்கு இந்த வருடம் கால் போகும் என்று அது யாருக்கும் தேதி குறிக்கவில்லை. அந்த ஸ்கேன்களில் பெரும்பாலானவை மருந்துச் சோதனைகளுக்காக எடுத்தவை என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே எந்த அளவில் எப்படி எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, குறித்த நாளில் எடுப்பார்கள். நம் ஊரில் நோயாளி முதல் ஸ்கேனைப் புதுக்கோட்டையில் எடுப்பார், அடுத்ததை திருச்சியில், அதற்கடுத்ததைச் சென்னையில் மகன் வீட்டுக்குப் போனபோது எடுப்பார். மூன்றும் மூன்று மெஷின்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கரூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் ஒருவர், எம்எஸ் என்று தெரிந்து மாத்திரை சாப்பிட்டு வந்தார். முதல் ஸ்கேன் வேறு ஒரு சென்டரில் எடுத்தது. மூளையை அடுக்கடுக்காக வெட்டிக் காட்டுகிற படத்தில் ஸ்லைஸ் ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் தடிமன், நடுவே இடைவெளி வேறு. எம்எஸ் புள்ளி என்று கணக்கில் எடுக்க 3 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். அந்த அளவுள்ள புள்ளி இரண்டு ஸ்லைஸுக்கு நடுவில் விழுந்தால் தெரியாமலே போகலாம், மங்கித் தெரியலாம். ஒரு வருடம் கழித்து எங்களிடம் 1 மில்லிமீட்டர் அளவில் முப்பரிமாணப் படம் எடுத்தோம். பழைய ரிப்போர்ட்டில் இருந்ததைவிடப் புள்ளிகள் அதிகம் வந்தன. மருந்து வேலை செய்யவில்லை, நோய் முற்றுகிறது என்று வீட்டில் அழுகை. எங்கள் ரேடியாலஜிஸ்ட் பழைய படத்தைக் கேட்டார். ஃபிலிம்தான் இருந்தது, ஒரே ஃபிலிமில் தபால்தலை அளவில் வரிசையாக அச்சடித்த படங்கள், அதுவும் பீரோவுக்கு மேலே வெயிலில் கிடந்து கறுத்துப் போயிருந்தன. படங்களைப் பதிந்த சிடி டிஸ்க் கொடுக்கவில்லை என்றார்கள். அந்த சென்டரில் கேட்டால், சர்வரில் இடம் இல்லாமல் பழைய கோப்புகளை அழித்தாயிற்று என்று பதில். கடைசியில் நியூரோ டாக்டர் மருந்தை மாற்றாமல், ஆறு மாதம் கழித்து எங்கள் மெஷினிலேயே அதே முறையில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். புதிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆறு மாதம் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேறொரு டாக்டராக இருந்திருந்தால், விலை கூடின, பக்கவிளைவும் கூடின ஊசிக்கு மாற்றியிருக்கவும் கூடும்.

மூளை சுருங்குவதை அளக்கிற விஷயம் இதைவிட நுணுக்கமானது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே மூளையின் கனஅளவு வருடத்துக்கு 0.1 முதல் 0.3 சதவீதம் வரை குறையும். சிகிச்சை இல்லாத எம்எஸ்ஸில் இது 0.5 சதவீதத்துக்கு மேல், 1 சதவீதத்தைத் தாண்டியும் போகும். வித்தியாசம் அரை சதவீதம், ஒரு சதவீதம்தான். இப்போது இதைக் கேளுங்கள்: ஜெர்மனியில் ஆரோக்கியமானவர்களை 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொல்லி ஸ்கேன் எடுத்தபோது மூளையின் கனஅளவு சுமார் அரை சதவீதம் குறைந்தது. தண்ணீர் குடித்ததும் ஏறிவிட்டது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், கான்ட்ராஸ்ட் போடுவார்களோ என்று வெறும் வயிற்றோடு பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவரின் மூளையை அளந்து 'சுருங்கியிருக்கிறது' என்று எந்தச் சாப்ட்வேர் சொன்னாலும், முதலில் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். புது மருந்து தொடங்கிய முதல் வருடத்திலும் அழற்சியின் வீக்கம் வற்றுவதால் மூளை சுருங்கினதுபோலக் காட்டும். அது கெட்ட செய்தி அல்ல.

கவனிக்க வேண்டிய உண்மையான முன்னேற்றம் ஒன்று இருக்கிறது. சில புள்ளிகளின் விளிம்பில் இரும்புச் சத்தைச் சுமந்த செல்கள் தேங்கி, உள்ளே அழற்சி புகைந்துகொண்டே இருக்கும். காந்த மாற்றத்தை நுட்பமாகப் பிடிக்கிற ஒருவகைப் படத்தில் இந்த விளிம்பு கறுப்பு வளையமாகத் தெரியும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ட்டினா அப்சின்டா குழுவினர் 2019இல் வெளியிட்டதில், இப்படி நான்கு அல்லது அதற்கு மேல் வளையப் புள்ளிகள் உள்ளவர்களுக்கு ஊனம் இளம் வயதிலேயே வந்திருந்தது. எம்எஸ்ஸைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மெக்டொனால்ட் விதிகளின் புதிய திருத்தத்திலும் இந்த வளையத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அமெரிக்க ஆய்வுக்குப் பயன்பட்டது 7 டெஸ்லா மெஷின் (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அளவு). ஆனால் இங்கே உள்ள 3 டெஸ்லா மெஷினிலும் சரியாக அமைத்தால் இந்த வளையத்தைப் பார்க்கலாம். அதற்குச் சில நிமிடம் கூடுதலாக நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டில் யாரும் கேட்பதில்லை, நாங்களும் எடுப்பதில்லை.

இன்னொரு பெரிய விஷயம் உங்கள் செய்தியில் விட்டுப்போனது. நம் பக்கத்தில் எம்எஸ் போலவே வருகிற என்எம்ஓ என்ற இன்னொரு நோயும் உண்டு. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் அடிப்பது. அதற்கென ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளை 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துச் சிகிச்சை கொடுத்தவர்கள் நிறைய. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கிற சில மருந்துகள் என்எம்ஓவை மோசமாக்கும் என்பதால் இது விளையாட்டு இல்லை. மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் பல வருடங்களாக இந்த இரண்டு வகை நோயாளிகளையும் பதிவு செய்து ஆராய்ந்து வருகிறார். இந்திய நோயாளிகளைப் பற்றி நமக்குத் தெரிவதில் நிறைய அங்கிருந்து வந்ததுதான். ஐரோப்பியர்களின் படங்களில் பழகிய கணினி, நம்மிடம் வருகிற கலவையைப் பார்த்தால் என்ன சொல்லும் என்பதை இங்கே சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும்.

பழைய நீண்டகால ஆய்வுகள் பெரும்பாலும் நல்ல மருந்துகள் இல்லாத காலத்தில் தொடங்கியவை என்பதையும் மறக்கக் கூடாது. எம்எஸ்ஸின் போக்கையே மாற்றுகிற முதல் மருந்து, இன்டர்ஃபெரான் பீட்டா, அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1993இல்தான். இன்று இங்கே ரிட்டுக்சிமாப் ஊசியைப் பலர் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். மருந்து இல்லாதவர்களின் பாதையை வைத்து இவர்களுக்குக் கணக்குப் போட்டால் பயம்தான் கூடும். அப்படி ஒரு தப்பான காகிதம் வீட்டில் இருந்தால் அது யார் கைக்கெல்லாம் போகும்? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். மாப்பிள்ளை வீட்டாருக்குப் போகும். அரியலூர்க்காரர் சும்மா ஆர்வத்தில் கேட்டார் என்று நான் நினைக்கவில்லை. மகளுக்கு வரன் பார்ப்பதாக அவரே சொன்னார்.

சரி, என்னதான் செய்யலாம்? அமெரிக்க, ஐரோப்பிய வல்லுநர் குழுக்கள் சேர்ந்து 2021இல் எம்எஸ் ஸ்கேனுக்கு ஒரு பொது முறையை வெளியிட்டிருக்கின்றன. புள்ளிகளைப் பளிச்சென்று காட்டுகிற ஃப்ளேர் என்ற வகைப் படம் முப்பரிமாணத்தில், முடியாவிட்டால் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, இடைவெளி இல்லாத ஸ்லைஸ். மருந்து தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் ஒப்பிட ஒரு அடிப்படைப் படம். அப்புறம் வருடம் ஒன்று, கூடுமானவரை அதே மெஷினில், அதே முறையில். ஒவ்வொரு முறையும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை என்றும் அதில் இருக்கிறது. ஊசிச் செலவு மிச்சமானால் அந்தப் பணத்தில் தண்டுவடத்தைச் சேர்த்து எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றும். அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர்தான், ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய ஒரு வசதி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள ஸ்கேன் மையங்களை நடத்துவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற ஒரே அமைப்பு. எம்எஸ் என்று சீட்டு வந்தால் எந்த மாவட்டமானாலும் இந்த முறையில்தான் எடுக்க வேண்டும் என்று அது ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். படங்களை அழிக்காமல் நோயாளியின் எண்ணோடு சேர்த்து வைத்தால், பத்து வருடத்தில் நம் மக்களைப் பற்றி நம்மிடமே ஒப்பிடக்கூடிய படங்கள் இருக்கும். ஏஐக்கும் அதுதான் தேவை. புது மெஷின் எதுவும் வாங்க வேண்டாம்.

நோயாளிகளின் வீட்டாருக்கு: ஃபிலிமோடு விடாதீர்கள், சிடியோ பென் டிரைவோ கேளுங்கள். செல்போனில் ஃபிலிமைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஒப்பிட உதவாது. டைகாம் என்கிற வடிவில் முழுப் படமும் வேண்டும் என்று சொன்னால் எந்த சென்டருக்கும் புரியும். ஒரு பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டரிலோ மெயிலிலோ போட்டு வையுங்கள். அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது பழையதை ரிசப்ஷனில் கொடுத்து, ரேடியாலஜிஸ்ட் பார்வைக்குப் போனதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கலாமா என்று முந்தின நாளே போன் செய்து கேளுங்கள்.

தனியார் சென்டர்களில் இந்த முறையில் எடுத்தால் ஆளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் கூடும். ஒரு நாளைக்கு இரண்டு கேஸ் குறையும். இதைப் பற்றி எங்கள் நிர்வாகத்திடம் இன்னும் பேசி முடிக்கவில்லை என்பதால் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
எம்ஆர்ஐ டெக்னீஷியன் ஒருவர்,
திருச்சி.